ஸ்டுடியோக்கள் மூடப்பட்ட பின்னும் உத்தி விளையாட்டுகள் மட்டும் நிலைத்திருப்பது ஏன்?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2003-ஆம் ஆண்டு வாக்கில், மதுரையில் கல்லூரி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் நான்கு பேராக உட்கார்ந்து, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற கணினி உத்தி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை லேனில் (கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து) ஆடிக் காசைக் கரைத்தவர்களில் நானும் ஒருவன். 'ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன்' என்ற ஏமாற்றுக் குறியீட்டைத் தட்டச்சு செய்து, இடைக்காலக் கோட்டைக்கு நடுவே கார் ஓட்டிய தலைமுறை என்று சொன்னால் புரியும். பிறகு வேலை, குடும்பம் என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அண்மையில் ஒரு கணினி வாங்கி, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் தேடியபோது, 1999-இல் வெளிவந்த அதே விளையாட்டு 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷனாகப் புதுப்பிக்கப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு புதிய நாகரிகங்களை (ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்து ஆடும் தரப்புகளை) சேர்த்துக்கொண்டு உயிரோடு இருப்பதைக் கண்டேன். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது என்று அறிந்ததும் ஒன்றும் புரியவில்லை. கமாண்ட் அண்ட் கான்கரை உருவாக்கிய வெஸ்ட்வுட்டின் கதையும் அப்படித்தான்: 2003-இல் மூடினார்கள், 2020-இல் அதே விளையாட்டைப் புதுப்பித்து விற்றார்கள்.

இவ்வளவு நீண்ட ஆயுள் கொண்ட விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் ஏன் நிலைக்கவில்லை? முறை வைத்து ஆடாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும் நிகழ்நேர உத்தி விளையாட்டு என்ற வகையே தேய்ந்துவிட்டது என்று சிலர் எழுதுவது சரியா? இதனோடு ஒட்டிய நடைமுறைக் கேள்வி ஒன்றும் உண்டு. இந்த வகையில் புதிய விளையாட்டு ஒன்று வந்தால், வெளியான நாளிலேயே முழு விலை கொடுத்து வாங்குவதில் பொருள் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

வைகைக்கரை அவர்களுக்கு, முதல் கேள்விக்கு மட்டும் என் பார்வையைச் சொல்கிறேன்.

ஒரு விளையாட்டின் ஆயுளும் அதை உருவாக்கும் ஸ்டுடியோவின் ஆயுளும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்களில் எழுதப்படுகின்றன. நூறு பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டுடியோவுக்கு மாதந்தோறும் சம்பளம் போக வேண்டும். ஒரு விளையாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியிலும் அந்தச் செலவு நிற்காது. வரவோ, அந்தக் காலத்து முறைப்படி, பெட்டி கடைக்கு வந்த முதல் சில மாதங்களில் வந்ததோடு பெரும்பாலும் முடிந்தது. நீங்கள் 2003-இல் மணிக்கணக்காக ஆடிய ஆட்டத்துக்காக என்செம்பிளுக்கு ஒரு காசும் போயிருக்காது. பிரவுசிங் சென்டர்க்காரர் எந்தக் குறுந்தகட்டிலிருந்து அதை நிறுவினார் என்பதை நாம் இங்கே ஆராய வேண்டாம்.

என்செம்பிள் 1995-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் தொடங்கப்பட்டது. சிட் மெயரோடு சேர்ந்து சிவிலைசேஷன் என்ற உத்தி விளையாட்டின் முதல் பாகத்தை வடிவமைத்த புரூஸ் ஷெல்லி அங்கே முதன்மை வடிவமைப்பாளர்களில் ஒருவர். 2001-இல் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவையே விலைக்கு வாங்கியது. அப்படி வாங்கும்போது கைமாறுவது ஆட்களின் திறமை மட்டுமன்று; பெயரும் நிரல்களும் காப்புரிமையும் சேர்ந்தே கைமாறுகின்றன. ஆட்களைப் பின்னொரு நாளில் அனுப்பிவிடலாம், பெயரை வைத்துக்கொள்ளலாம். நடந்ததும் அதுதான். 2008 செப்டம்பரில், கையிலிருந்த ஹேலோ வார்ஸ் என்ற எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு முடிந்ததும் ஸ்டுடியோ மூடப்படும் என்று அறிவித்தார்கள். சுட்டியும் விசைப்பலகையும் கொண்டு ஆட வேண்டிய ஒரு வகையைக் கேம்பேடுக்குப் பொருத்துகிற கடினமான வேலையைச் செய்துகொண்டிருந்தபோதே, அதைச் செய்தவர்களுக்குத் தங்கள் வேலை போகப்போவது தெரியும்.

வெஸ்ட்வுட்டின் கதை இன்னும் கசப்பானது. அவர்கள் உருவாக்கி 1992-இல் வெளிவந்த டியூன் II-இல்தான், தளம் அமைத்து, வளம் திரட்டி, படை உருவாக்கி எதிரியின் தளத்தை அழிக்கும் இந்த முழு இலக்கணமும் கூடிவந்தது. 1998-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்த ஸ்டுடியோவை வாங்கி, ஐந்தே ஆண்டுகளில் மூடியது. லாஸ் வேகஸை விட்டுப் போக விரும்பாத பழைய ஊழியர்கள் சிலர் பெட்ரோகிளிஃப் என்ற சிறு ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். நீங்கள் குறிப்பிட்ட 2020-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பை உருவாக்கும் பொறுப்பை, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தது இந்தப் பெட்ரோகிளிஃபிடம்தான். வீட்டை விற்றவனையே கூலிக்கு அழைத்து வெள்ளையடிக்கச் சொன்ன கதை. வெள்ளையடிப்பு நன்றாகவே அமைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நள்ளிரவுச்_சிப்பாய்

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் பழியை முழுவதும் முதலாளிகள் மீது போடுவதில் உடன்பாடில்லை. நிகழ்நேர உத்தி விளையாட்டு தேய்ந்ததற்கு அதன் இயல்பே ஒரு காரணம்.

இந்த வகை ஆட்டக்காரனிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கேட்கிறது. ஒரு கண் பொருளாதாரத்தில் இருக்க வேண்டும், மறுகண் போர்க்களத்தில் இருக்க வேண்டும். டவுன் சென்டர் (உழைப்பாளிகளை உருவாக்கும் ஊர்மையக் கட்டடம்) ஒரு நொடிகூடச் சும்மா இருக்கக் கூடாது, எல்லையில் நிற்கும் வில்லாளிகள் ஒரு நொடிகூடக் கவனிப்பாரற்று நிற்கக் கூடாது. தோற்றால் பழியைப் பகிர்ந்துகொள்ள அணியில் யாரும் இல்லை. அலுவலகத்திலிருந்து களைத்து வருகிற ஒருவர் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, தம்மைவிட மும்மடங்கு வேகமாகச் சுட்டியை அழுத்தும் ஒரு கல்லூரி மாணவனிடம் நாற்பது நிமிடம் அடி வாங்கிவிட்டுத் தூங்கப் போவதை எத்தனை பேர் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்வார்கள்? நான் ஒப்புக்கொள்கிறேன், என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

இந்தச் சுமையைப் பாதியாகக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதை ரசிகர்கள்தாம் முதலில் கண்டுபிடித்தார்கள். 2002-இல் பிளிசார்டு நிறுவனம் வெளியிட்ட வார்கிராஃப்ட் III என்ற உத்தி விளையாட்டுடன் வரைபடம் உருவாக்கும் கருவி ஒன்று வந்தது. அதைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கிய டோட்டா என்ற வரைபடத்தில் தளம் கட்டும் வேலை இல்லை, படை திரட்டும் வேலை இல்லை. ஆட்டக்காரருக்கு ஒரே ஒரு வீரன், பக்கத்தில் நான்கு கூட்டாளிகள். 2009-இல் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் அந்த அச்சையே எடுத்துக்கொண்டு, விலையில்லா விளையாட்டாக வந்து, உலகெங்கும் பரவியது. டோட்டா என்ற பெயரை வால்வ் என்ற மற்றொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள, பிளிசார்டு வழக்குக்குப் போய் 2012-இல் சமரசம் செய்துகொண்டது. தன் வீட்டுத் தோட்டத்தில் முளைத்த மரத்தின் பழத்தைப் பக்கத்து வீட்டார் இருவர் பறித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனம் அது.

பிளிசார்டு அதற்குப் பிறகும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. ஸ்டார்கிராஃப்ட் II என்ற உத்தி விளையாட்டு 2010-இல் வந்தது. 2017-இல் அதன் முதல் பாகத்தை விலையில்லாமல் கொடுத்தார்கள். 2020 அக்டோபரில், இனிமேல் விலைக்கு விற்கும் புதிய உள்ளடக்கம் எதுவும் வராது என்று அறிவித்தார்கள். அங்கிருந்து வெளியேறிய சிலர் ஃப்ராஸ்ட் ஜயண்ட் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கி, ரசிகர்களிடமும் நிதி திரட்டி, 2024-இல் ஸ்டார்ம்கேட்டை முன்னோட்டமாக வெளியிட்டார்கள். இந்த வகையை நன்கு அறிந்த கைகள், முதலாளியின் தலையீடு இல்லாத சூழல், நுழைவுக் கட்டணமும் இல்லை. இருந்தும் எதிர்பார்த்த அளவுக்கு ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க அவர்களால் முடியவில்லை. முதலாளிகள்தாம் இந்த வகையைக் கொன்றார்கள் என்றால் இதற்கு என்ன விடை?

கடாரத்துக்_கப்பல்

சிப்பாய் அவர்களே, ஸ்டார்ம்கேட் தோற்றதற்கு ஒரு விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. புதிய நிகழ்நேர உத்தி விளையாட்டு ஒன்று போட்டியிட வேண்டியது லீக் ஆஃப் லெஜெண்ட்ஸோடு மட்டுமன்று, 1999-இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸோடும் 2010-இன் ஸ்டார்கிராஃப்ட் II-உடனும் சேர்த்தே போட்டியிட வேண்டும். பல ஆண்டுகள் திருத்தி, நகாசு செய்து, சமநிலை பார்த்த ஆட்டத்தை விட்டுவிட்டு, இன்னும் முழுதாக வேகாத புதிய ஆட்டத்துக்கு யார் போவார்கள்? வகை செத்துவிடவில்லை, பழைய விளையாட்டுகளே அதன் வீட்டில் குடியிருக்கின்றன.

அவை குடியிருக்கக் காரணம் ரசிகர்கள் என்பதை இங்கே யாரும் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை. என்செம்பிள் மூடப்பட்ட பின் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் II-ஐக் கவனிக்க ஆளில்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில் ரசிகர் குழு ஒன்று ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரில் ஐந்து புதிய நாகரிகங்களைக் கொண்ட மோட் (மூல விளையாட்டை மாற்றி அமைக்கும் ரசிகர் பதிப்பு) ஒன்றைத் தாமாகவே உருவாக்கி, 2012-இன் இறுதியில் இலவசமாக வெளியிட்டது. 2013-இல் மைக்ரோசாஃப்ட் பழைய விளையாட்டை ஹெச்டி வடிவில் ஸ்டீமில் ஏற்றியபோது, அந்த மோடையே அதிகாரபூர்வ விரிவாக்கமாக ஏற்றுக்கொண்டது. மோட் செய்தவர்கள் முறையான ஸ்டுடியோவாகி, 2019-இன் டெஃபினிட்டிவ் எடிஷனை உருவாக்கும் பொறுப்புக்கே வந்துவிட்டார்கள். என்செம்பிள் விட்டுப்போன நிலத்தை உழுதவர்களுக்கே பட்டா கிடைத்தது என்று சொல்லலாம், ஆனால் நிலம் இன்னும் மைக்ரோசாஃப்டுடையது; எனவே அதைக் குத்தகை என்பதே சரி.

நம்மைத் தொடும் ஓர் எடுத்துக்காட்டையும் சொல்கிறேன். அந்த 2013-ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் 'இந்தியர்' என்ற ஒரே நாகரிகம்தான் இருந்தது. ஒட்டகப் படையை முதன்மையாகக் கொண்ட அந்த நாகரிகத்தில், கடல் கடந்து படை அனுப்பிய சோழர்களுக்கு இடமே இல்லை. ராஜஸ்தானத்து ஒட்டகத்தின் மேல் ஏறிக் கடாரம் போவது எப்படி என்று நான் அப்போது புலம்பியது நினைவிருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிவந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கம், அந்த ஒற்றை நாகரிகத்தை இந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றி, வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் என மூன்று புதிய நாகரிகங்களைச் சேர்த்தது. திராவிடரின் அதிசயக் கட்டடம் தஞ்சைப் பெரிய கோயில். ராஜேந்திர சோழனின் வெற்றிகளுக்கென ஒரு தனிப் படையெடுப்புத் தொடரும் உண்டு. படைவீரனைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் முறை கேட்டபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி மறுபடி சொடுக்கிக்கொண்டிருந்தேன்.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், ஆட்டத்தையும் பார்ப்போம். ஒவ்வொரு யுகம் (ஆட்டத்தின் வளர்ச்சிக் கட்டம்) கடக்கும்போதும் 200 விறகு கூடுதலாகக் கிடைப்பதால், படகுகளும் துறையும் வேண்டிய நீர் வரைபடங்களில் திராவிடர் வலிமையானவர்கள். காலாட்படைக்கு ஊட்ஸ் எஃகு என்ற தனித் தொழில்நுட்பம் உண்டு, அது கிடைத்துவிட்டால் எதிரியின் கவசம் பொருட்டே இல்லை. தென்னிந்திய உருக்கின் புகழை அறிந்த ஒருவர் வடிவமைப்புக் குழுவில் இருந்திருக்கிறார். ஆனால் இவர்களுக்கு நைட் என்ற கனரகக் குதிரைப்படை கிடையாது. போட்டி ஆட்டங்களில் மிகுதியும் ஆடப்படுவது அரேபியா என்ற திறந்த நிலவெளி வரைபடம். அங்கே எதிரியின் குதிரைகள் விறகு வெட்டிகளைச் சுற்றி வளைக்கும்போது, நம்மிடம் விரட்டிப் பிடிக்கத் தக்க படை இருக்காது. வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கிற ஒரு முடிவு, ஆட்டக்காரருக்குத் தலைவலியாக முடிவதற்கு இது நல்ல சான்று.

இத்தகைய குறைகளைப் பேட்ச் (வெளியான பின் வரும் திருத்தம்) மூலம் சிறிது சிறிதாகச் சரிசெய்துகொண்டே இருப்பதுதான் உத்தி விளையாட்டின் உண்மையான உருவாக்கம் என்பது என் கருத்து. சதுரங்கத்தின் விதிகள் நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின. பல பத்து நாகரிகங்கள் ஒன்றோடொன்று மோதும் ஒரு விளையாட்டில், எது வலிது எது மெலிது என்பது பல்லாயிரம் பேர் பல மாதங்கள் ஆடிய பிறகுதான் தெரியவரும். சுடும் விளையாட்டின் கதையை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். உத்தி விளையாட்டை ஒரு வாரத்தில் யாரும் புரிந்துகொள்வதுகூட இல்லை. ஆனால் தொழில் உலகம் இரண்டையும் முதல் காலாண்டு விற்பனை என்ற ஒரே படியால் அளந்தது.

கணக்குப்பிள்ளை

கப்பல் அவர்கள் சொன்ன கடைசி வரிதான் என் பதிவில் விடுபட்டது. அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: ரசிகர்களின் உழைப்பை வரவு வைக்கத் தெரிந்தவர்களும் உண்டு, அபகரிக்க முயன்றவர்களும் உண்டு. டோட்டாவைக் கைநழுவவிட்ட பிளிசார்டு, 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் III ரீஃபோர்ஜ்டை வெளியிட்டபோது, ரசிகர்கள் உருவாக்கும் வரைபடங்கள் யாவும் தன் உடைமை என்று பயன்பாட்டு விதியிலேயே எழுதிவைத்தது. அந்தப் புதுப்பிப்போ முன்பு காட்டிய மாதிரிக் காட்சிகளின் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அடுத்த டோட்டாவை உருவாக்கக் கூடியவர், உருவாக்கியபின் அது தமக்குச் சொந்தமில்லை என்று முன்கூட்டியே எழுதியிருக்கும் இடத்துக்கு ஏன் வருவார்?

பொறுமைசாலி

இரண்டாம் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டதால் நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் நாளில் வாங்க வேண்டாம்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'முதல் காலாண்டு' கணக்கிலிருந்து தப்பிக்கத் தொழில் கண்டுபிடித்த வழி, விரிவாக்கங்களைத் தொடர்ந்து விற்பது. இதில் முன்னோடி சுவீடனின் பாரடாக்ஸ். 2013-இல் வந்த யூரோப்பா யூனிவர்சாலிஸ் IV-க்குப் பத்தாண்டுகளுக்கு மேல் விரிவாக்கம் விரிவாக்கமாக வெளியிட்டு, அந்த வரவைக் கொண்டே குழுவுக்குச் சோறு போட்டார்கள். ஐந்தாம் பாகம் 2025 நவம்பரில்தான் வந்தது. நம் வைகைக்கரை கேட்ட நிலைத்தன்மை இங்கே இருக்கிறது: ஸ்டுடியோவும் நிலைத்தது, விளையாட்டும் நிலைத்தது. ஆனால் புதிதாக வருகிற ஒருவர் எல்லா விரிவாக்கங்களின் மொத்த விலையைப் பார்த்தால் மயங்கி விழுவார் என்பதால், 2021-இல் மாதச் சந்தா ஒன்றையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே நிறுவனத்தின் இம்பரேட்டர்: ரோம் 2019-இல் அரைகுறையாக வந்து, பேட்ச் மேல் பேட்ச் போட்டு நன்றாகத் தேறிய சமயத்தில், 2021-இல் மேற்கொண்டு உருவாக்குவதை நிறுத்திவிட்டார்கள். விரிவாக்க முறை மருந்தானாலும் எல்லா நோயாளிக்கும் முழு மாத்திரை கிடைப்பதில்லை.

விலையிலும் பொறுமைக்குப் பலன் உண்டு. டோட்டல் வார்: ஃபாரோ 2023 அக்டோபரில் வந்தது, இரண்டே மாதத்தில் விலையைக் குறைத்து, முன்பே வாங்கியவர்களுக்கு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு வரைபடத்தையே பெரிதாக்கும் புதுப்பிப்பைக் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். ஒரே விளையாட்டை முதல் வாரத்தில் வாங்கியவருக்கும் ஓராண்டு கழித்து வாங்கியவருக்கும் இடையே, விலையில் மட்டுமன்றிப் பொருளிலும் இவ்வளவு வேறுபாடு. சிவிலைசேஷன் VII 2025 பிப்ரவரியில் வந்தபோது, இடைமுகம் முற்றுப்பெறாமல் இருப்பதாகப் பலரும் குறைப்பட்டார்கள். அடுத்த மாதமே விலைக்கு ஒரு விரிவாக்கம் வந்து நின்றது. அதிலும் சோழர் உண்டு, அடிப்படை விளையாட்டிலேயே உண்டு. ஆனால் யுகம் மாறும்போது நாகரிகமும் மாற வேண்டும் என்று வெளியானபோது இருந்த அதன் விதியின்படி, சோழர் நடு யுகத்தில் வந்து அடுத்த யுகத்தில் போய்விட்டார்கள். பெரிய கோயிலைக் கட்டிவிட்டு வேறொரு நாட்டுக்காரனாக மாறியது எனக்கு ஒட்டவில்லை.

நள்ளிரவுச்_சிப்பாய்

பொறுமைசாலியின் அறிவுரை ஆட்டக்காரருக்கு நல்லது, தொழிலுக்கு அது நஞ்சு. எல்லோரும் ஓராண்டு காத்திருந்தால், அந்த ஓராண்டுக்குச் சம்பளம் கொடுக்க ஸ்டுடியோவிடம் பணம் இருக்காது. இம்பரேட்டரை நிறுத்தியதற்குக் காத்திருந்த நீங்களும் நானும்தான் ஒரு பங்கு காரணம் என்று கணக்குப்பிள்ளை ஐயா ஒப்புக்கொள்வார் என நினைக்கிறேன்.

பொறுமைசாலி

என் சம்பளத்தையும் யாராவது ஓராண்டு முன்பணமாகக் கொடுத்தால், நானும் முதல் நாளில் வாங்கத் தயார். அரைகுறையாக வெளியிட்டவர் முதலில் பேசட்டும், காத்திருந்தவர் அடுத்துப் பேசுகிறேன்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிவிலைசேஷனை இப்போதைக்கு விட்டுவிட்டு, டெஃபினிட்டிவ் எடிஷனையும் கப்பல் அவர்கள் சொன்ன விரிவாக்கத்தையும் தள்ளுபடியில் வாங்கிவிட்டேன். ராஜேந்திரன் தொடரின் முதல் ஆட்டத்தில் இரண்டு முறை தோற்றாயிற்று. ஒரே ஐயம்: அரேபியா வரைபடத்தில் குதிரைகள் விறகு வெட்டிகளைத் தாக்க வந்தால், திராவிடரை வைத்து என்ன செய்வது?

கடாரத்துக்_கப்பல்

ஈட்டிக்காரர்களை முன்கூட்டியே விறகு வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள். திராவிடருக்குப் பாசறைத் தொழில்நுட்பங்கள் பாதி விலை என்பதால், ஈட்டிப்படையை மேம்படுத்தச் செலவு குறைவு. யுகம் கடந்ததும் வரும் 200 விறகில் ஒரு பகுதியை வேலிக்கு ஒதுக்குங்கள். வேலியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நானும் அப்படி நினைத்துத்தான் முதல் பத்து ஆட்டங்களை இழந்தேன்.